சிரித்துக்கொண்டே தட்டிய கை

பொதுக்காலம் 17-ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு
(தொடக்க நூல் 18:20-32, கொலோசையர் 2:12-14, லூக்கா 11:1-13)



நேற்று நம்மில் பலர் புக்கிட் மெர்தாஜாமில் இருந்தோம். புனித அன்னம்மாளின் திருநாள். மெழுகுவர்த்திப் பவனி முடிந்து, கூட்டத்தில் பிரிந்துபோன பாட்டியையும் பேரப்பிள்ளைகளையும் தேடிப் பிடித்து, பேருந்தேறி ஈப்போ வந்து இறங்கும்போது சிலருக்கு நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டில் தூங்கிப்போனவர்கள் எழுந்து வந்து கதவைத் திறக்க எத்தனை முறை தட்ட வேண்டியிருந்தது என்று இன்று காலை இந்தச் சிலிபின் கோயில் வாசலில் ஓர் அம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அவருக்காகவே வாசிக்கப்பட்டது போல இருக்கிறது இன்றைய நற்செய்தி.

நள்ளிரவில் ஒருவன் நண்பனின் கதவைத் தட்டுகிறான். மூன்று அப்பம் கடனாகக் கேட்கிறான். தனக்காகக் கேட்கவில்லை, வழிப்பயணத்தில் வந்து சேர்ந்த வேறொருவனுக்காகக் கேட்கிறான். உள்ளே இருப்பவன், கதவு அடைத்தாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள், எழுந்து வர முடியாது என்கிறான். ஆண்டவர் காலத்துப் பாலஸ்தீன வீடு பெரும்பாலும் ஒரே அறை. குடும்பம் முழுவதும் ஒரே பாயில். தாழ்ப்பாளை எடுத்தால் எல்லாரும் விழித்துக்கொள்வார்கள். தோட்ட லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் நம் வீட்டுக் குழந்தை புரண்டு படுக்கும்.

இந்த உவமைக்கு நான் பல ஆண்டுகளாக மறையுரை சொல்லிவருகிறேன். ஒவ்வொரு முறையும் வெளியே நிற்பவர் நாம், உள்ளே இருப்பவர் கடவுள் என்று வைத்துக்கொண்டே பேசினேன். அது சரியான விளக்கம்தான். விடாமல் கேளுங்கள் என்றுதான் ஆண்டவர் சொல்கிறார். ஆனால் இந்த முறை உள்ளே படுத்திருப்பவன் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அவன் கெட்டவன் இல்லை. பிள்ளைகுட்டிக்காரன், நாளைக்கு வேலைக்குப் போக வேண்டியவன். அவன் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. அவனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அதற்கு முன், கதவைத் தட்டியே வாழ்ந்து முடித்த ஒரு நடிகரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நேற்றே கடலுக்கு அப்பால் தூத்துக்குடியிலும் ஒரு கொடி ஏறியது. 1555-இல் கப்பலில் வந்து சேர்ந்ததாக மரபு சொல்லும் அன்னையின் திருச்சொரூபத்தைக் கொண்ட பனிமய மாதா ஆலயத்தில், ஜூலை 26-இல் கொடியேறினால் ஆகஸ்ட் 5 வரை திருவிழா. முத்துக்குளித்துறைப் பரதவ மக்களுக்கு அதுதான் ஆண்டின் உச்சம். 1927-இல் அந்தத் திருவிழாக் காலத்தில் அங்கே ஒரு பரதவக் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு ஜோசப் பனிமயதாஸ் என்று திருமுழுக்குப் பெயர் வைத்தார்கள். பனிமயத் தாயின் அடியான். வீட்டில் பாபு. பின்னாளில் உலகம் தெரிந்துகொண்ட பெயர், சந்திரபாபு.

ஆம், சினிமாவில் ஆடிப் பாடிச் சிரிக்க வைத்த அந்தச் சந்திரபாபுதான். பீடத்திலிருந்து சினிமாக்காரர் பெயரைச் சொல்வதா என்று முதியவர் ஒருவர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அவர் நம் சகோதரர், ஐயா. நம்மைப் போலவே திருமுழுக்குத் தொட்டியில் நனைந்தவர்.

அவருடைய தகப்பனார் ரோட்ரிக்ஸ் விடுதலைப் போராட்டக்காரர், பத்திரிகை நடத்தியவர். வெள்ளை அரசாங்கம் விட்டுவைக்கவில்லை. 1929-இல் குடும்பம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது. பாபுவின் பள்ளிப் படிப்பு அங்கேதான். மேல்நாட்டு இசையும் ஆட்டமும் அந்தத் துறைமுக நகரத்தில்தான் அவர் காதுக்கும் காலுக்கும் பழகின. 1943-இல் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறினார்கள். மகனுக்கு ஒரே ஆசை, நடிப்பு. 1947-இல் ‘தன அமராவதி’ என்ற படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பிறகு ஸ்டூடியோ வாசல்கள். ஐந்து ஆண்டுகள்.

காவற்காரரிடம் பெயர் சொல்லிவிட்டு, வெயிலில் நின்று, நாளைக்கு வா என்ற சொல்லை வாங்கிக்கொண்டு நடந்து திரும்புவது. வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த ஐந்து ஆண்டுகளின் கனம் தெரியும். 1952-இல், இனித் தட்ட முடியாது என்ற நிலையில், பனிமயதாஸ் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். காப்பாற்றிய கையோடு கைதும் செய்தார்கள். அது அப்போது குற்றம்.

வழக்கு மன்றத்தில் நடந்ததாக ஒரு செய்தியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையைச் சுட்டுக்கொண்டாராம். சுட்டது உங்கள் கண்ணுக்குத் தெரியும், சூடு எனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பொருளில் நீதிபதியிடம் பேசினாராம். அப்படியே நடந்ததோ, கேட்டவர்கள் வாயில் வளர்ந்ததோ, அந்தத் தீக்குச்சியை என்னால் மறக்க முடிவதில்லை.

விடுதலையானார். அதே ஆண்டு ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் வேடம் கிடைத்தது. கதவு திறந்தது என்றால் மளமளவென்று திறந்தது. 1954-இல் ‘பெண்’ படத்தில் எஸ்.பாலசந்தருக்குக் குரல் கொடுத்துப் பாடினார். இன்னொரு நடிகரின் வாயசைப்புக்குப் பின்னால் நின்ற அந்தக் குரலை மக்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். ‘புதையல்’, ‘நாடோடி மன்னன்’, ‘மரகதம்’, ‘அன்னை’ என்று வரிசையாக வந்தன. தொண்டையில் குரலை உடைத்து உடைத்து ஏற்றிப் பாடும் மேல்நாட்டு யோடலிங் பாணியைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். 1958-இல் ‘சபாஷ் மீனா’வில் இரட்டை வேடம். அதில் ஒருவர் ரிக்‌ஷாக்காரர். கொழும்பில் படித்த, ஆங்கிலம் சரளமாகப் பேசும் ஒருவர், சென்னைத் தெருவின் பேச்சை அச்சு அசலாகப் பேசி நடித்தார். வண்டி இழுத்தவர்களை எத்தனை நாள் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்! ஏழையின் பேச்சைக் கேலி செய்வதற்காகக் கற்பது ஒரு வகை. அவன் நடை, அவன் மூச்சு, அவன் கோபம் எல்லாவற்றையும் தன் உடம்புக்குள் வாங்கிக்கொள்வது இன்னொரு வகை. அதற்கு அன்பு வேண்டும். அந்தப் படத்தை இன்று பார்த்தாலும் அந்த ரிக்‌ஷாக்காரரை நான் மதிக்கிறேன்.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது திரைக்குப் பின்னாலிருந்து. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில்தான் பிறந்து வளர்ந்தேன். எப்போதாவது படம் காட்டும் வண்டி வரும். திடலில் இரண்டு கோல் கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்பக்கம் பெரியவர்கள் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். சிறுபிள்ளைகள் நாங்கள் பின்பக்கப் புல்லில். பின்னாலிருந்து பார்த்தால் படம் தெரியும், எழுத்து மட்டும் இடவலம் மாறித் தெரியும். நடிகர்கள் பெயர் ஓடும்போது எங்களால் படிக்க முடியாது. அதனால் எங்களுக்குக் கதாநாயகன் பெயர் முதலில், துணை நடிகர் பெயர் பிறகு என்ற வரிசையே கிடையாது. யார் எங்களைச் சிரிக்க வைத்தாரோ அவர்தான் எங்களுக்குப் பெரியவர்.

குணச்சித்திர நடிகர் என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். கதை இன்னொருவருடையது, இவர் வந்து அதைத் தாங்கிவிட்டுப் போவார். நம் மண்ணிலிருந்து சென்னைக்குப் போன மலேசியா வாசுதேவனையும் இப்படித்தான் நினைக்கிறேன். பாட்டுக்காக அவரைக் கொண்டாடுகிறோம். எத்தனை படங்களில் வில்லனாகவும் அப்பாவாகவும் வந்து மற்றவர் கதையைத் தாங்கினார் என்பதை மறந்துவிடுகிறோம். நற்செய்தியிலும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. தண்ணீர்க் குடம் சுமந்து வருபவனைப் பின்தொடருங்கள் என்று ஆண்டவர் சீடர்களை அனுப்பினாரே, அந்தக் குடம் சுமந்தவர் யார்? பெயர் இல்லை. அவர் அன்று தெருவில் நடக்காவிட்டால் இராவுணவுக்கு மாடி அறை கிடைத்திருக்காது.

சந்திரபாபுவுக்கு அந்த இடம் போதவில்லை. போதவில்லை என்பதில் குற்றம் காண எனக்கு மனமில்லை. 1960-இல் கண்ணதாசன் தயாரித்த ‘கவலை இல்லாத மனிதன்’ படத்தில் அவரே நாயகன். 1966-இல் தானே ஒரு படம் இயக்கினார். அந்தப் படத்தின் பெயரைக் கேளுங்கள்: ‘தட்டுங்கள் திறக்கப்படும்’. இன்று நாம் வாசித்த நற்செய்தியிலிருந்து எடுத்த பெயர். ஆயிரம் பெயர் வைத்திருக்கலாம். சிறுவயதில் கோயில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட சொல் அவர் உள்ளே கிடந்திருக்கிறது. கேட்டு, நம்பி, தட்டி, கை வலித்து, மறுபடியும் தட்டிய ஒருவர் வைத்த பெயர் அது.

அதற்கும் முன்பே எல்லாம் சரியத் தொடங்கியிருந்தது. 1958-இல் நடந்த திருமணம் நிலைக்கவில்லை. ‘மாடி வீட்டு ஏழை’ என்று அவர் எடுக்கத் தொடங்கிய படம் பாதியில் நின்றது. போட்ட பணம் கடனாகத் திரும்பி வந்தது. ஆசை ஆசையாகக் கட்டிய வீடு கையைவிட்டுப் போனது. குடி வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் நடுவே சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தார். குடியரசுத் தலைவர் மாளிகையில் பாடச் சொன்னபோது, பாடி முடித்த மகிழ்ச்சியில் டாக்டர் இராதாகிருஷ்ணனின் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்வார்கள். சிலர் அதை அதிகப்பிரசங்கித்தனம் என்றார்கள். அப்பாவிடம் மீன் கேட்கும் பிள்ளையை இன்று நற்செய்தியில் கண்டோமே, அந்தப் பிள்ளைதான் என் நினைவுக்கு வருகிறது.

1974 மார்ச் 8-ஆம் நாள் இறந்தார். வயது 46. எம்.எஸ்.விஸ்வநாதன், ஜெயகாந்தன் போன்ற நண்பர்கள் அவருக்கு இருந்தார்கள். ஜெயகாந்தன் அவரைப் பற்றி அன்போடு எழுதியும் இருக்கிறார். ஆனால் அரங்கம் நிறையச் சிரித்த கூட்டம் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டிருந்தது. சென்னை சாந்தோம் பக்கம், கிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்த மரணச் செய்தி எங்கள் லயத்துக்கு வந்தபோது எனக்கு 14 வயது. அம்மா அடுப்படியில் இருந்தார். கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, “நம்ம பாபு மாதிரியே இவரும் போயிட்டாரா” என்றார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நம்ம பாபு என்று அம்மா சொன்னது எங்கள் தோட்டத்து ஆளை. அவருடைய திருமுழுக்குப் பெயர் வேறு. சந்திரபாபு மாதிரி ஆடுவதால் தோட்டமே அவரைப் பாபு என்றுதான் கூப்பிட்டது. விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டுக்கு எல்லாரும் தலைவிளக்கோடு வரிசையில் நிற்கும்போது, துரை நடப்பது போல இரண்டு அடி நடந்து காட்டுவார். இருட்டில் விளக்குகள் எல்லாம் குலுங்கும். பால் வெட்டப் போகும் பெண்கள் சிரித்துக்கொண்டே நிரைக்குப் போவார்கள். தவக்காலத்தில் நாங்கள் போடும் பாஸ்காவில் அவருக்குச் சீரேன் ஊர் சீமோன் வேடம். ஒரு வரி வசனமும் கிடையாது. சிலுவையைத் தூக்கிக்கொண்டு திடலைச் சுற்றி வர வேண்டும். அந்த ஒரு நாள் மட்டும் அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

1969-ஐ மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை பெர்மிட் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பல்லாயிரம் பேர் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். பாபுவின் அண்ணன்மார் இருவரும் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். இவர் போகவில்லை. பிறந்த இடம் இதுதானே என்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் லயத்தில் பாதிப் பேருக்கு மனு நிரப்பிக் கொடுத்தது அவர்தான். கிராணியிடம் போய் நகைச்சுவையாகப் பேசியே மற்றவர்களுக்கு வேண்டியதை வாங்கிக் கொடுப்பார். அவருடைய பெர்மிட் மட்டும் வரவில்லை. நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சம்சு குடிக்கத் தொடங்கினார். குடித்த பிறகும் ஆடினார். நாங்கள் அப்போதும் சிரித்தோம்.

1972-இல் ஒரு நாள் நள்ளிரவு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். எனக்கு விழிப்பு வந்துவிட்டது. சந்திரபாபு குரலில் ஏதோ பாடிக்கொண்டே தட்டினார். “அண்ணே, கொஞ்ச நேரம் பேசணும்ணே” என்றார். அப்பாவுக்கு விடிந்தால் பெரட்டு. பாயில் படுத்தபடியே, “பிள்ளைங்க தூங்குதுடா பாபு. காலையில பேசிக்கலாம்” என்றார். வெளியே ஒரு சிரிப்புச் சத்தம். “சரிண்ணே, காலையில” என்றார். செருப்புச் சத்தம் லயத்து வாசலோடு போய் மறைந்தது.

காலையில் அவர் உயிரோடு இல்லை. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார்.

அன்று திருச்சபையின் சட்டம் 1917-இல் எழுதிய சட்டத்தொகுப்பு. மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர், இறக்குமுன் மனம் வருந்திய அறிகுறி இல்லாவிட்டால், அவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்று அதில் ஒரு விதி இருந்தது. அதைச் சொன்னவர்கள் கொடியவர்கள் அல்ல, சட்டத்தைச் சொன்னார்கள். மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, லாலான் புல் மண்டிய மூலையில் நான்கு பேர் குழி தோண்டிப் புதைத்தார்கள். நாலு பேரில் ஒருவர் என் அப்பா.

1983-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பில் அந்த விதி இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி இன்னும் தெளிவாகப் பேசுகிறது. உயிர் கடவுளுடையது, அதை எடுக்க நமக்கு உரிமை இல்லை என்று சொல்லும் அதே இடத்தில், கடுமையான மனநோயும் தாங்க முடியாத அச்சமும் வேதனையும் மனிதருடைய பொறுப்பைக் குறைத்துவிடும் என்கிறது. இப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்கிறது. உங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் இறந்திருந்தால், அந்தப் பெயரைத் திருப்பலிக் கருத்தில் எழுதத் தயங்கி இத்தனை ஆண்டு இருந்திருந்தால், தயவுசெய்து எழுதுங்கள். நான் படிக்கிறேன். சத்தமாகவே படிக்கிறேன்.

நாட்டுச் சட்டமும் மாறியது. வெள்ளையர் 1860-இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தில் 309-ஆம் பிரிவு, உயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரைச் சிறையில் போட இடம் கொடுத்தது. நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்திலும் அதே பிரிவு, அதே எண், ஓராண்டு வரை சிறை. 1952-இல் பனிமயதாஸைக் கூண்டில் நிறுத்திய சட்டமும், நம் பிள்ளைகள் உதவி கேட்கப் பயந்த சட்டமும் ஒன்றுதான். 2023-இல் நம் நாடாளுமன்றம் அதை நீக்கியது. இந்தியாவில் 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த புதிய சட்டத்திலும் அந்தப் பிரிவு இல்லை. இனி மருத்துவமனைக்கு அழைத்துப் போனால் போலீஸ் வருமோ என்று பயந்து வீட்டுக்குள் மூடிவைக்க வேண்டாம். இதை உங்கள் தாமான், ஃபிளாட் எல்லா இடத்திலும் சொல்லுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 15555 என்ற எண்ணில் தாலியான் ஹீல் இருக்கிறது. 15999, தாலியான் காசே, இரவு பகல் எந்நேரமும். என் வீட்டு மணியும் இருக்கிறது. நள்ளிரவானாலும் அடியுங்கள்.

முதல் வாசகத்துக்கு வருகிறேன். ஆபிரகாம் ஆண்டவரிடம் பேரம் பேசுகிறார். ஐம்பது நீதிமான்கள் இருந்தால் அழிக்க மாட்டீரே? நாற்பத்தைந்து? நாற்பது, முப்பது, இருபது, பத்து. கிராணி முன்னால் கைகட்டி நின்று கூலிக்கு வாதாடியவர்களின் பிள்ளைகள் நாம். இந்தப் பேச்சு நமக்குப் பழக்கம். ஆனால் ஆபிரகாம் பத்தோடு நிறுத்திக்கொண்டார். எங்கள் அம்மா நிறுத்தவில்லை. பாபு இறந்த நாளிலிருந்து வீட்டு ஜெபமாலை முடிந்ததும் ஒரு பிரியதத்த மந்திரம் அதிகமாகச் சொல்வார். யாருக்கு என்று சொல்ல மாட்டார். நாங்களும் கேட்டதில்லை. ஒரே ஓர் ஆளுக்காக, சட்டம் கைவிட்ட ஓர் ஆளுக்காக, பல ஆண்டு காலம் ஒவ்வோர் இரவும் பேரம்.

இரண்டாம் வாசகத்தில் பவுல் கடன் பத்திரம் என்கிறார். நமக்கு எதிராக எழுதிய பத்திரத்தை ஆண்டவர் எடுத்துச் சிலுவையில் அறைந்துவிட்டார். சந்திரபாபுவின் வீட்டைக் கொண்டுபோனது கடன். இன்று நம் பிள்ளைகளின் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போகும் ஆலோங் வட்டிக்காரனைக் கொண்டுவருவதும் கடன்தான். பத்தாயிரம் வாங்கியவன் முப்பதாயிரம் கட்டியும் தீராமல், அம்மா அப்பாவிடம் சொல்ல வெட்கப்பட்டு, கடைத்தெருவில் எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பங்கு இளையோரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கூட்டத்தில் எப்போதும் வேடிக்கை பேசுபவன் ஒருவன் இருப்பான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு, நீ எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வான். இரண்டாம் முறை கேளுங்கள். சிரிப்பான். மூன்றாம் முறையும் கேளுங்கள். விடாமல் தட்ட வேண்டியது வெளியே நிற்பவன் மட்டும்தானா?

என் அப்பா அதிகம் பேசாதவர். அந்த இரவைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்த நற்செய்தி வரும். எழுந்து வர முடியாது என்று உள்ளிருந்தவன் சொல்லும் இடம் வந்ததும் அப்பா குனிந்து தன் விரல்களைப் பார்ப்பார். பால் பிசுக்குப் போகாத விரல்கள். நான் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துத்தான் இந்த உவமையை வேறு விதமாக வாசிக்கக் கற்றேன். குருமடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டு, பாபுவின் கல்லறையை மந்திரிக்க வேண்டும் என்று அம்மா கேட்டார். அதற்குள் எங்கள் தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டுவிட்டார்கள். லயங்களை இடித்துவிட்டார்கள். எங்கள் குடும்பமும் ஈப்போ பக்கம் வந்துவிட்டது. இடத்தையே கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அப்பா மண்வெட்டியோடு முன்னால் நடந்தார். எங்கும் நிற்கவில்லை, யாரையும் கேட்கவில்லை. லாலான் புல்லுக்கு நடுவே ஆறடி இடம் மட்டும் சுத்தமாகச் செதுக்கி இருந்தது. சுற்றிலும் ரப்பர் பால் மங்குகளைக் கவிழ்த்து வரிசையாகப் புதைத்து வைத்திருந்தது. சில புதியவை, சில பாசி பிடித்தவை. எத்தனை முறை வந்திருக்கிறார் என்று அப்போதுதான் அம்மாவுக்கே தெரிந்தது.

நான் புத்தகத்தைத் திறந்தேன். அப்பா மண்வெட்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு மண்ணில் முழங்காலிட்டார். உள்ளங்கையால் அந்த மண்ணை மூன்று முறை மெதுவாகத் தட்டினார்.

“பாபு,” என்றார். “காலை ஆயிடுச்சுடா.”

இன்றைய திருப்பலிக் கருத்துத் தாளில் மூன்று பெயர்களை எழுதிப் பீடத்தில் வைத்திருக்கிறேன். ஜோசப் பனிமயதாஸ். எங்கள் தோட்டத்துப் பாபுவின் திருமுழுக்குப் பெயர். மூன்றாவது, என் அப்பா. தாளில் இன்னும் இடம் இருக்கிறது. காணிக்கை நேரத்தில் உங்கள் இருக்கைகளுக்குப் பேனாவோடு வரும். இப்போது எழுந்து நின்று, உடலின் உயிர்ப்பை நம்புகிறோம் என்று சேர்ந்து அறிக்கையிடுவோம்.